ஒன்பதாவது துடிப்பு

எட்டு பிட் சொல்லிவிட்டுக்
கம்பியைக் கைவிட வேண்டும்.
ஒன்பதாவது துடிப்பில்
எதிர்முனை அதைக் கீழே இழுத்தால்
'ம்' கொட்டியதாகக் கணக்கு.
இழுக்காவிட்டால்
கம்பி தன்பாட்டில் உயரே நிற்கும்.
மறுப்புக்கென்று தனிக்குரல் இல்லை இந்தப் பேச்சில்.
மாட்டேன் என்பதும்
ஆளே இல்லை என்பதும்
அலைக்காட்டியில் ஒரே கோடு.

காரைக்குடி, செக்காலை ரோடு, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
இரவு பதினொன்றே கால்.
கோட்டையூர்க் கல்யாண மண்டபத்துத் தொட்டி
மூன்று நாளாக அறுபத்தொரு சதவீதம்.
அறுபத்தொன்று. அறுபத்தொன்று.
முகூர்த்தத்தன்று
மூன்றாம் பந்தி எழுந்து கை கழுவப் போனபோது
குழாய் காற்றை ஊதியது.
மேனேஜர் சேவுகன் போனில் திட்டவில்லை.
"ஒங்க பெட்டி இன்னமும்
தண்ணி இருக்குன்னுதாம்மா சொல்லுது" என்றார்.
திட்டியிருக்கலாம்.

டிரைவரைத் திறந்தேன். எழுதியவள் நானேதான்,
இரண்டு வருடத்துக்கு முன், ஏதோ ஒரு டெலிவரி அவசரத்தில்:
பதில் வராவிட்டால்
பழைய எண்ணையே திருப்பிக் கொடு.
பக்கத்தில் ஒரு குறிப்பு, பிறகு பார்க்கலாம்.

பிறகு என்பது இன்றைக்கு.

'ம்' வராவிட்டால்
முதலில் பேச்சை முறையாக முடி. ஸ்டாப் போடு.
அந்தக் கம்பியில் இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.
பத்து மில்லிசெகண்ட் பொறு,
சென்சார் தன் வேலையில் மூழ்கியிருக்கலாம்.
மூன்று தரம் கூப்பிடு. நாலாம் தரம் வேண்டாம்.
எவனாவது கம்பியைப் பிடித்தபடியே உறைந்திருந்தால்
வெறுமனே ஒன்பது துடிப்பு தட்டு,
பெரும்பாலும் விட்டுவிடுவான்.
அதற்கும் மேல்
தெரியவில்லை என்று சொல்.
எண்ணைச் சொல்லாதே.

ஓட்டிப் பார்த்தால்
ஒவ்வொரு வாசிப்பிலும் கடைசி பைட்டில் பிழை.
அரைமணி நேரம், ஆறிய டீ,
பிறகுதான் உறைத்தது:
அது சென்சாரின் மறுப்பே இல்லை.
வாங்கிக்கொள்ளும் நான் சொல்வது,
இலைக்கு மேல் கையை நீட்டி
போதும், போதும் என்று.
அதையும் தோல்வியில் சேர்த்து எண்ணியிருந்தேன்.

காலையில் கோட்டையூர்.
தொட்டி மேல் கனெக்டருக்குள் பச்சை பூத்த செம்பு,
ஒரு பிடி சிற்றெறும்பு.
மாற்று வயர் மதியம்தான் வரும்.
புது நிரலை மட்டும் ஏற்றினேன்.
கீழே பலகையில் அறுபத்தொன்று அணைந்து
இரண்டு சின்னக் கோடுகள்.

சேவுகன் அண்ணாந்து பார்த்தார்.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு
ஏணியில் ஏறத் தொடங்கினார்.