கம்பி சொன்ன பெயர்

ப்ரெஸ்ட் நகரில் மழைக்கு விடுமுறை கிடையாது.
சனிக்கிழமை மாலை. பள்ளியின் பதினாலாம் அறை.
ஆறு மணிக்கே வெப்பமூட்டியை அணைத்துவிட்டார்கள்.
மேசையில் ஒரு செருப்புப் பெட்டி,
உள்ளே பதினேழு கிராஃப் கால்குலேட்டர்கள்.
திங்கள் தேர்வுக்குள் எல்லாவற்றின் நினைவையும் துடைத்தாக வேண்டும்.

முதலாவதைச் செருகினேன்.
யாரென்று கேட்டது கணினி.
தயாரித்தவர் 0451, பொருள் e003:
கேட்ட மாத்திரத்தில் ஊரும் பேரும் ஒப்பித்தது.
பேர் தெரிந்தால் பாஷை தெரியும்.
இன்ன பேருக்கு இன்ன நெறிமுறை என்று
ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்,
என் கையெழுத்து, ஓரத்தில் காபிக் கறை,
குறைந்தது ஒரு தவறு.

தவறு e008.
அந்த ஒரே எண்ணைச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வருகிறார்கள்,
ஒருவருக்குக் கறுப்புத் திரை, மற்றவருக்கு வண்ணத் திரை.
பழையவரிடம் பேசுகிற தோரணையில் புதியவரிடம் பேசிவிட்டேன்.
பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டது.
கம்பியைப் பிடுங்கி, மறுபடி செருகி,
இந்த முறை வால் எண்ணையும் வாசித்தேன்,
யாரும் பார்க்காத பதிப்பு எண்.
வித்தியாசம் அங்கே உட்கார்ந்திருந்தது.

"இன்னும் எத்தனை?" என்றாள் அசெனோர்,
கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி.
"ஒன்பது."
அவள் போய்விட்டாள்.

பதினேழாவதுக்கு யூஎஸ்பி வாயே இல்லை,
ஹெட்ஃபோன் சொருகுகிற மாதிரி ஒரு பொட்டு ஓட்டை.
மாடல் எழுத்து தேய்ந்து போயிருந்தது.
முதுகில் மட்டும் காம்பஸ் முனையால் கீறியது: துக்துவால்.
சாம்பல் நிறக் கம்பியை இடையில் வைத்தேன்.
கணினி கேட்டது.
கம்பி பதில் சொன்னது,
தன் பேரை.
e001, நான் கம்பி.
சரி, உன் பின்னால் யார்?
அது கம்பிக்குத் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பாஷையாகத் தட்டினேன்.
02, தயாரா? இரண்டு வினாடி. ஒன்றுமில்லை.
03, தயாரா? இரண்டு வினாடி.
ஜன்னலில் மழை. வேறொன்றுமில்லை.
23, தயாரா?

73, 56.

23 என்று கூப்பிட்டால் 73 என்று திரும்புகிறவர் ஒருவர்தான்.
56 என்றால் 'காதில் விழுந்தது'.
அதற்கு மேல் அர்த்தம் இல்லை.
ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

உள்ளே ஒரே ஒரு நிரல். மழை என்று
பிரெஞ்சில் பேர் வைத்திருக்கிறான். நாற்பது வரி.
ஓட்டினேன்.
புள்ளிகள் மேலிருந்து விழுந்தன, சாய்வாக,
இந்த ஊரில் பெய்கிற மாதிரியே சாய்வாக.
நேராக விழவைக்க நாலு வரி போதும்,
சாய்க்கத்தான் மற்ற முப்பத்தாறும்.

இவ்வளவு நேரம் இதன் பேரைக் கேட்டது
அழிப்பதற்காக.
பட்டியலில் அதற்கொரு கட்டம் நான் போடவில்லை.

வாசலில் இஃபிக் சாவிக்கொத்தைக் குலுக்குகிறார்.
துக்துவால் எந்த வருடத்துப் பையன்? அவருக்கும் ஞாபகமில்லை.
"பூட்டணும்" என்கிறார்.

நகல் எடுக்கும் பொத்தான் மேல் விரல்.
"நாலு வினாடி" என்கிறேன்.