பின்னிருக்கை

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு
மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள்,
யாரென்று தெரியாத விருந்தாளிக்கு.
இதுவரை ஒருவரும் வந்ததில்லை.
வந்தால் இடம் வேண்டுமே என்று
வருடாவருடம் வைக்கிறோம்.

இந்த வருடம் அந்தத் தட்டை
யாரும் விருந்தாளிக்கென்று நினைக்க மாட்டார்கள்.
அதனால்தான் கிளம்பினோம்.
மாமியாரிடம் வேறு காரணம் சொன்னோம்:
வித்தோல்டுக்கு லீவு மிச்சமிருக்கிறது,
த்ரியெஸ்தேயில் பனி கொட்டாதாம், கடல் இருக்கிறதாம்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
காகிதம்போல் மெல்லிய பண்டிகை ரொட்டியை உறையிலிட்டு
என் கோட்டுப் பையில் திணித்தாள்.

விடுதியின் படிவம் கேட்டது:
பெரியவர்கள் எத்தனை. இரண்டு.
குழந்தைகள் எத்தனை.
அந்தக் கட்டத்தில் ஏற்கனவே ஒரு பூஜ்யம் இருந்தது.
நான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

செக் எல்லையைத் தாண்டியதும் கார் கத்தத் தொடங்கியது.
டிங். டிங். டிங்.
பின்னால் யாரோ பெல்ட் போடவில்லை என்று
சிவப்பில் ஒரு குட்டி மனிதன் மினுங்கினான்.
பெட்டிதான்.
துணிப்பெட்டியின் கனத்தை
ஆளென்று நம்பிவிட்டது வண்டி.
அடுத்த பெட்ரோல் பங்க் பன்னிரண்டு கிலோமீட்டர்.
அதுவரை இருவரும் வாய் திறக்கவில்லை.
"டிக்கியில் போட்டுவிடலாம்" என்றேன்.
டிக்கியில் இடமிருந்தது.
வித்தோல்ட் இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.
குளிர் உள்ளே வந்தது.
பெட்டிக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்தான்.
கழுத்தில் உரசாமலிருக்க
வாரை விரலால் ஒருமுறை விலக்கிவிட்டான்.
க்ளிக்.

வியன்னாவரை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.
அவன் பார்த்தான்.
ஓட்டுகிறவன் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

த்ரியெஸ்தேயில் காற்று ஆளைத் தள்ளுகிறது.
அந்தக் காலத்தில் தெருவோரம் கயிறு கட்டியிருப்பார்களாம்,
பிடித்துக்கொண்டு நடக்க.
விடுதிக்காரப் பெண் சொன்னாள், பெருமையாக.
இப்போது ஏன் கட்டுவதில்லை என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.

உணவகத்தில் நாலு பேர் மேசைதான் காலி.
பரிசாரகன் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு
மிச்சமிருந்த இரண்டு தட்டுகளை அடுக்கி எடுத்தான்.
எவ்வளவு பழகிய கை.
கோப்பைகூடச் சத்தமிடவில்லை.
ஒன்று இருக்கட்டும் என்று சொல்ல
எனக்கு இத்தாலியன் தெரியாது.
ஒரு விரலைக் காட்டினேன்.
அவன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

வித்தோல்ட் சிரித்துவிட்டான்.
மார்ச்சுக்குப் பிறகு இன்றுதான் கேட்கிறேன் அந்தச் சத்தத்தை.
நானும் சிரித்தேன்.
பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்த்தது.
நிறுத்திக்கொண்டோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்,
யாரோ அதட்டியதுபோல.

அறையில் உறையைப் பிரித்தேன்.
ரொட்டி வழியிலேயே நொறுங்கியிருந்தது.
ஆளுக்கொரு துண்டு நீட்டி வாழ்த்துச் சொல்வது வழக்கம்.
"உடம்பைப் பார்த்துக்கொள்" என்றான்.
"நீயும்."
நாக்கில் வைத்தால் ருசியே இல்லாத ரொட்டி அது,
என்றைக்குமே.

இந்த இரவு பன்னிரண்டு மணிக்கு மிருகங்கள் பேசும் என்பார்கள்.
போன வருடம் யூலெக்
வெள்ளெலிக் கூண்டுக்கு முன்னால் போர்வையோடு உட்கார்ந்தான்.
என்னிடம் கேள்விகளை எழுதித் தரச் சொன்னான், மறந்துவிடாமலிருக்க.
பத்தரைக்குத் தூங்கிவிட்டான்.
காலையில் தகப்பனிடம் ஓடினான்:
"என்ன சொன்னது? என்ன சொன்னது?"
வித்தோல்ட் யோசிக்கவேயில்லை.
"உன்னை எழுப்ப வேண்டாமென்று சொன்னது."

பால்கனிக் கம்பியில் இப்போது ஒரு கடற்காகம்,
காற்றுக்கு எதிராகக் கால்களை ஊன்றிக்கொண்டு.
மணி பதினொன்றே முக்கால்.
வித்தோல்ட் நாற்காலியை ஜன்னலருகே இழுக்கிறான்.
கட்டிலிலிருந்து போர்வையை உருவுகிறான்.
நான் விளக்கை அணைக்கிறேன்,
அது பயந்து பறந்துவிடக் கூடாதே என்று.