வேறு காரணம்

விசிறியை மெல்லச் சுற்றச் சொல்வதற்கு
மின்னஞ்சல் முகவரி கேட்டது.
கொடுத்தேன்.
பிறந்த தேதி கேட்டது.
கொடுத்தேன், இரண்டு வயது குறைத்து.
கடவுச்சொல்லில் ஓர் எண் வேண்டுமாம்,
ஒரு நட்சத்திரக் குறியும் வேண்டுமாம்.
எல்லாம் கட்டி அழுது உள்ளே நுழைந்தால்
ராட்சசனோடு வாள் வீசும் ஒருத்தியின் விளம்பரம்.
விசிறி எங்கே?
மூன்றாம் பக்கத்துப் பல்சக்கரத்துக்குள்,
அதற்குள் இருக்கும் இன்னொரு பல்சக்கரத்துக்குள்.

ஜெலுத்தோங், பதினாலாவது மாடி.
இரவு ஒன்றே கால்.
சன்னலைத் திறந்தால் சேற்றுக் கடல் வாடை,
மூடினால் அறையே இட்லிச் சட்டி.
பட்டர்வொர்த் மண்டபத்தில் நடந்த
குமுதினி – யுகேந்திரன் கல்யாணம்
நாற்பத்தேழு விழுக்காட்டில் நிற்கிறது.
தாலி இன்னும் ஏறவில்லை.
கெட்டிமேளத்துக்குக் காதைப் பொத்தி ஹெட்போன்.
அதையும் மீறி
மேசைக்கடியில் ஒரு விமானம்
கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

அட்டை பழசுதான்.
பிராங்கின் மாலில், ஊய் கடையில்,
அறுநூற்று எண்பது ரிங்கிட், இரண்டு தவணை.
ஈப்போவில் ஏதோ கொட்டகையில்
ராப்பகலாய்க் கண்ணுக்குத் தெரியாத காசைத்
தோண்டித் தோண்டிக் களைத்ததாம்.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
உழைத்த உடம்பு, சூடாகும்.
கோபமெல்லாம் அதை மேய்க்க வந்ததன்மேல்.

வாரம் தவறாமல் புதுப்பிப்பு.
புதுப்பித்த மறுநிமிடம்
நான் வரைந்த வேகக்கோட்டை மறந்துவிடும்.
ஊதா விளக்கை மட்டும்
ஒருநாளும் மறந்ததில்லை.
ஒருமுறை விசிறி மூன்றும் நின்றே போய்
எண்பத்தொன்பது டிகிரி.
பக்கத்தில் பச்சையாய் ஒரு டிக்:
எல்லாம் நலம்.

மாற்று தேடினேன்.
முதலாவதில்
முள்ளும் வட்டமும் சிவப்பு எச்சரிக்கையுமாய்,
ஓட்டுநர் உரிமம் கேட்டுவிடுமோ என்று பயந்து மூடினேன்.
இரண்டாவது சாது.
ஆனால் அட்டை எதுவும் காணவில்லை என்றது,
அதன் காலடியில் அட்டை அலறிக்கொண்டிருக்க.
மூன்றாவது,
பயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட் ஓய்வில்
ஹஃபிசுல் அனுப்பியது.
பார்க்கச் சகிக்காது கா, ஆனால் சொன்னதைக் கேட்கும்
என்று கீழே ஒரு வரி.

நாலே எம்பி.
சாம்பல் நிறப் பெட்டி.
ஒரு கோடு, அதில் ஐந்து புள்ளி.
யார் நீ என்று கேட்கவில்லை.
நடுப்புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.
விமானம் இறங்கியது.

பழையதை நீக்கப் போனேன்.
போகிறீர்களா என்று கலங்கியது.
காரணம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னது:
புதுக் கணினி வாங்கிவிட்டேன்.
விளையாடுவதை விட்டுவிட்டேன்.
சீக்கிரம் திரும்பி வருவேன்.
வேறு காரணம்.
அதன் கீழே ஒரு காலிப் பெட்டி.
தமிழிலேயே எழுதினேன்,
ஏழு மாதத்தையும்,
கடைசியில் அம்மா கேட்டால் அடிக்கிற ஒரு சொல்லையும்.
எழுத்தெல்லாம் விழுந்தன
□□□□ □□□ □□□□□□ என்று.
அப்படியே அனுப்பினேன்.
உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்றது.
கணினியை இப்போதே மூடித் திறக்கட்டுமா என்றது.
தாலி ஏறட்டும் என்று
'பிறகு' என்பதை அழுத்தினேன்.

ஊதா விளக்கு அணையவில்லை.
அணைக்கத் தெரிந்தது அது ஒன்றுதானாம்,
அதுதான் போயாயிற்றே.
கறுப்பு டேப் ஒட்டினேன்.
ஓரத்தில் கசிகிறது.

ஐம்பத்தெட்டு விழுக்காடு.
குமுதினி தலை குனிகிறாள்,
அட்சதை பிரேம் பிரேமாய் விழுகிறது.
சத்தம் அடங்கியபிறகுதான் கேட்கிறது,
மூன்றாவது விசிறியில் ஒரு டிக், டிக்.
இது எந்த மென்பொருளும் இல்லை.
நாளைக்குத் தையல் மிஷின் எண்ணெய்
ஒரு சின்னப் போத்தல் வாங்க வேண்டும்.