விதிவிலக்குகள்

ஆசாரிப்பள்ளம். மூன்றாம் எண் அறை.
"இங்கே பேசுவது வெளியே போகாது,
சில விதிவிலக்குகள் தவிர" என்று
மனப்பாடம் பண்ணியதை ஒப்பித்தேன்:
உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு.

பெனடிக்டா தலையாட்டினாள்.
கொட்டில்பாடு. வள்ளம் திரும்பாமல் எட்டு வருஷம்.
ஏழு முடிந்ததும் சட்டம் அவரை
இறந்தவராகக் கொண்டது.
சான்றிதழ் மடியில், பிளாஸ்டிக் உறைக்குள்.

"அவிய நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுதேன் பிள்ளே.
ஆபீசுக்குத் தெரிஞ்சா காசு நின்னுருமோ?"

விதிவிலக்குகளை மறுபடி எண்ணினேன்.
இது எதிலும் இல்லை.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறது பாடம்.
அவள் போனபின் கோப்பில்
'மறுப்பு' என்று எழுதினேன்.
முதல் கட்டம்.
பிறகு அடித்தேன்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் பார்ப்பார்.
அடித்தாலும்
வாசிக்க முடிகிறது.