கை அளவு

மயிலிட்டி இறங்குதுறையில்
ஐந்தரைக்கு நாங்கள் நாலு பேர்.
மோட்டர்சைக்கிள் இரண்டு, பெயின்ற் வாளி ஒன்று,
சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசி,
பிறின்சி வேலை செய்கிற மருந்துக்கடையின் பையில்
இறால் தலைகள்.
பையில் அச்சடித்திருந்தது:
சாப்பாட்டுக்குப் பின்.

"இண்டைக்கு நீவாடு சரியில்லை" என்றான் யூட்சன்.
முதல் வீச்சுக்கு முன்னமே
சொல்லிவைத்துவிடுவான்.

மயூரதன் நில அளவைக்காரன்.
அரை முழ வேலிக்கு அடிபடும் அண்ணன் தம்பிக்கு நடுவில்
பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவன்.
சப்பாத்தைக் கழற்றிக் கடலைப் பார்த்தான்.
"இதுக்கு எல்லைக்கல் போடச் சொல்லி
ஒருத்தரும் வரேல்லை, அந்தமட்டில் நிம்மதி."

எதிரே கட்டிக்கிடந்த இழுவைப்படகுகளுக்கு
அது கேட்டதோ தெரியாது.

எல்லை தாண்டிப் பிடிபட்டவை.
வழக்கு முடியும்வரை என்று கட்டி
வழக்கே மறந்துபோனவை.
ஒன்று சரிந்து, அணியத்தில் எழுதிய அந்தோணியார்
பாதி தண்ணிக்குள்.
பகலெல்லாம் அவற்றை ஏசுகிற யூட்சனும்
பொழுதுபட்டால்
அவற்றின் நிழலுக்குள்தான் முள்ளை இறக்குவான்.
மீன் அங்கேதான் நிற்கும்.

முதலில் பட்டது பேத்தை.
பொதுக்கூட்டத்தில் பேசக் கூப்பிட்ட மாதிரி
ஊதிக்கொண்டு வந்தது.
பிறின்சி சீலைத்துண்டால் பிடித்து முள்ளைக் கழற்றி
"போ ராசா, கோவிக்காதை" என்று எறிந்தாள்.
பிறகு விரல்நீளத்தில் ஒரு ஓரா.
பிறகு ஒரு மணித்தியாலம்
ஒன்றுமில்லை.
பற்றீஸ் முடிந்தது. யாருடைய கலியாணமோ
யாருக்கோ குழம்பியதைக் கதைத்தோம்.

தெல்லிப்பழை ஆசுப்பத்திரி வாட்டில்
காலையிலிருந்து நின்ற கால்களை
நான் தொங்கப்போட்டிருந்தேன்.
தங்கூசி சுட்டுவிரலில்.
நாடி பார்த்துப் பழகிய விரல், சும்மா இராது.
எண்ணினேன்:
கடலுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு.
ஆளுக்கென்றால் ஓடிப்போய்
டொக்டரை எழுப்பியிருப்பேன்.

அப்போதுதான் இழுத்தது.

"விடு, நூலை விடு!"
"விசரி, இழு!"
இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததென்று
பிறகு யூட்சன் ஒத்துக்கொள்ளவில்லை.
காவல் கொட்டிலடியில் போன் கதைத்துக்கொண்டு நின்ற
கடற்படைப் பெடியன்
போனைக் காதோடு பிடித்தபடியே ஓடிவந்தான்.
"அக்கா, மெதுவா! மெதுவா!"
அவனுக்குத் தெரிந்த தமிழில்
அன்றைக்குத் தேவையானது அது ஒன்றுதான்.

தண்ணி கிழிந்தது.
மஞ்சள் வால் ஒருதரம். பாரை.
பிறகு அது திரும்பி
அந்தோணியாருக்குக் கீழே போய்
துருப்பிடித்த விசிறியில் நூலைச் சுற்றி
அறுத்துக்கொண்டு போனது.
என் விரலில் ஒரு சிவப்புக் கோடு.

கொஞ்சநேரம் ஐந்து பேரும்
அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அளவு தொடங்கியது.
பிறின்சி ஒரு முழம் காட்டினாள்.
யூட்சன் தோளிலிருந்து.
அங்குலத்துக்குச் சத்தியம் செய்கிற மயூரதன்
இரண்டு கையையும் விரித்து, போதாமல்,
ஒரு எட்டுப் பின்னால் வைத்தான்.
பெடியன் கொட்டிலுக்குத் திரும்பி
சிங்களத்தில் கதையைத் தொடர்ந்தான்.
மறுமுனையில் யாரோ, அம்மாவோ, காதலியோ.
காணமுடியாத அந்த ஆளுக்கு
ஒற்றைக் கையை நீட்டி நீட்டி
மீனைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஓராவை வாளியோடு கவிழ்த்துவிட்டோம்.
இரவு வீட்டில் கத்தரிக்காய்.
புளி கரைக்க விரல் எரிந்தது.
எங்கேயோ அந்த இருட்டுக்குள்
என்னுடைய முள்ளோடு ஒன்று
வாயைத் திறந்து மூடும்.
அதை நினைக்காமல் படுக்க
கொஞ்சம் நேரமெடுத்தது.

விடிய, ஏழாம் கட்டிலில் நாடி பிடிக்கையில்
அந்த மனிசி கேட்டா:
"என்ன பிள்ளை, விரலிலை வெட்டு?"

பிடித்த கையை விட்டுவிட்டு
இரண்டு கையையும் விரித்தேன்.
நேற்றையதைவிடக்
கொஞ்சம் கூடத்தான் விரிந்தது.