ஆறு மில்லிமீட்டர் வெள்ளை

மார்ச்சில் வூச் நகர நடனப் போட்டி ரத்து.
ஜிகினா வாங்கியிருந்த பதினோரு பேரும்
ஒரே ராத்திரியில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
கைபேசியில் அன்றைய விற்பனை: முட்டை.

கட்டிலுக்கடியில், மூன்று வருடமாய்ப்
பூனை படுத்துறங்கிய முப்பது சுருள் எலாஸ்டிக்.
யாரும் சீந்தாத சரக்கு.

ஏப்ரலில் ஒருநாள் விடிவதற்குள்
நாற்பத்திரண்டு ஆர்டர்.
விலையைக் கூட்டினேன்.
மறுபடி கூட்டினேன்.
ஒருத்தரும் பேரம் பேசவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.

ராதோமிலிருந்து யத்விகா எழுதினாள்:
‘முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன்.
மாஸ்க் தைக்கப் பத்து மீட்டர் போதும்.
சம்பளம் வந்ததும் பணம் தரலாமா?’
பதில் போடாமல் படுத்தேன்.
தூங்கவில்லை.

காலையில் பழைய விலைக்கே இறக்கினேன்
என்று சொல்ல ஆசைதான்.
பாதிதான் இறக்கினேன். வாடகை இருந்தது.
அவளுக்கு மட்டும் பதினைந்து மீட்டர், காசில்லாமல்,
ஒட்டியிருந்த பூனைமுடியை ஊதிவிட்டு.

கடைசிச் சுருளை அனுப்பப் போன அன்று
மாஸ்க் இல்லையென்று
தபாலகத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
வீட்டுக்கு வந்து
விலைபோகாத நடன உடையொன்றின்
கைவிளிம்பைப் பிரித்தேன்.
இழுத்து மாட்டியபோது
காதோரம் இரண்டு ஜிகினா
கூடவே வந்திருந்தன.