காரணம்: மற்றவை

தீர்வையில்லா வளாகத்தில், ஏழாம் எண் கடையில்,
திரும்பி வரும் பொருள்களின் மேசை என்னுடையது.
குளிர் தொடங்குமுன் நூற்றுப் பதினாலு டிவிடி பிளேயர்கள் விற்றோம்.
ஒரே மாடல், ஒரே கப்பலில் வந்தவை,
வெள்ளி நிறம், நெற்றியில் ஒரு நீலப் புள்ளி.
ஜூன் பிறந்தது. மாலை ஐந்துக்குள் இருட்டு.
புந்தா அரேனாஸ் ஊரே கதவடைத்துப் படம் பார்த்தது.
பார்த்துவிட்டு
என்னிடம் வந்தது.

யெர்கோ மிமிசாவுக்குக் கருப்பு பிடிக்கவில்லை.
"அடுப்புச் சாம்பல் மாதிரி வருகிறது.
திருடன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று
போலீசுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது."
கருப்பு என்றால் என்னவென்று காட்ட
மறுநாள் தன் நாயைக் கூட்டிவந்தார்.
நாய் மேசைக்கடியில் படுத்துக்கொண்டது.
உண்மைதான், அது நல்ல கருப்பு.

ஹிமேனாவுக்குச் சத்தம்.
"பேசினால் கிசுகிசு. வெடித்தால் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது.
ஒலிப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே
ஒரு காதல் கதையை முடித்தேன்.
யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்காதே."
அவள் வீட்டுத் தகரக் கூரையை நான் அறிவேன்,
நீரிணைக் காற்று அதன்மேல் நடக்கும் விதத்தையும்.
சொல்லவில்லை.
கூரை நாங்கள் விற்றதல்ல.

கடற்படையில் ஆழம் அளந்த ஒசியேல்
அடிக்கோலுடன் வந்தார்.
முகங்கள் நீண்டிருக்கின்றனவாம், பத்துக்கு ஒன்றரை.
மெனுவில் ஒரு வரியை மாற்றிக் கொடுத்தேன்.
முகங்கள் அகன்றன.
அவர் முகம் சுருங்கியது.
ஒல்லியானவர்களோடு பழகிவிட்டாராம்.

நிபால்தோ தொண்ணூறு கிலோமீட்டர் பனியில் வந்தார்,
ஆட்டுப் பண்ணையிலிருந்து, ஜெனரேட்டரை அணைத்துவிட்டு.
"நன்றாக ஓடுகிறது. சொல்லத்தான் வந்தேன்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
"ஓரத்தில் எழுதிக்கொள்" என்றார்.
எழுதினேன்.

பிறகு எதெல்மிரா ஒயார்சோ.
பெட்டி, வயர், உறை, ரசீது,
ரிமோட்டின் பாலித்தீன்கூடப் பிரிக்கவில்லை.
படத்தில் கோளாறா? இல்லை.
ஒலியிலா? இல்லை.
கட்டத்தில் நிற்கும் என் பேனாவைப் பார்த்தபடி சொன்னார்:
"பழைய டேப்பை டிஸ்க்கில் ஏற்றித் தந்தான் மருமகன்.
கிறிஸ்துமஸ் அன்று முற்றத்தில் ஆடு சுடுகிறோம்.
என் கணவர் கோப்பையைத் தூக்கிக் காட்டுகிறார்.
வீட்டு டெக்கில் எல்லாமே நடுங்கும்,
வேலி, புகை, மேசை விரிப்பு, நான்.
இதில் எல்லாம் அசையாமல் நிற்கிறது.
கோப்பை மட்டும் நடுங்குகிறது."

டாக்டரிடம் போனது அதற்கு மூன்று வருஷம் கழித்து
என்றார்.
பணத்தை எண்ணாமல் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்ததைச் சோதித்துப் பார்ப்பது விதி.
பின்னறையில் தட்டைத் திறந்தால்
டிஸ்க் உள்ளேயே இருக்கிறது.
பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.
எங்கள் சோதனை டிவி பதினாலு அங்குலம்,
சிவப்பு ஓரத்துக்கு ஓடும், நடுவில் ஒரு கோடு இறங்கும்.
புகை தெரிந்தது. யாரோ சிரித்தார்கள்.
தொப்பி வைத்த ஒருவர் எதையோ உயர்த்தினார்.
கையா கோப்பையா என்றே பிரிக்க முடியவில்லை.

போன் செய்தேன்.
டிஸ்க்கை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், செனோரா.
மறுமுனையில் கெட்டில் விசிலடித்தது, நின்றது.
"பார்த்தாயா?"
பார்த்தேன்.
"அங்கே எப்படித் தெரிகிறது?"
ஒன்றும் தெளிவில்லை. இது ஓட்டை டிவி, செனோரா.

கொஞ்ச நேரம் காற்று மட்டும்,
அவர் பக்கமா என் பக்கமா, தெரியவில்லை.

"அந்த டிவி
என்ன விலை?"